அப்பா பெயர் எழுதும் கோடு

சார்,

முதலாண்டுத் தத்துவ வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவள் எழுதுகிறேன். பருவம் முழுக்கப் பொறுப்பைப் பற்றி வாய் கிழியப் பேசினீர்கள். "பொறுப்ப ஏத்துக்கிறவன்தான் மனுஷன்" என்றபோது பிள்ளைகள் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

நேற்று, யாரைக் கேள்வி கேட்பதென்று எங்கள் விவரங்கள் எழுதிய அட்டைக்கட்டைக் குலுக்கி என் அட்டையை உருவினீர்கள். "மிஸ் மக்பானுவா, அப்பா பேரு எங்க? இதக்கூடவா நிரப்பத் தெரியாது?" வகுப்பே சிரித்தது.

மக்பானுவா, இலோய்லோ நகரச் சந்தையில் கருவாடு விற்கும் என் அம்மாவின் குடும்பப் பெயர். அதை வாசித்தபோது உங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னால் வேண்டாம் என்பாள். அதனால் சொல்லவில்லை.

புது அட்டை ஒன்றை நிரப்பி இணைத்திருக்கிறேன். அப்பா பெயர்க் கோட்டில் இருப்பது உங்கள் பெயர்தான். வழக்கம்போல வகுப்பில் உரக்க வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி மட்டும்