ஓசூர் பஸ்ஸும் ஆபீஸ் சாவியும்

மார்ச் 1, சனி

இந்த வாரம் மூன்று நாள் ஒன்பது மணி மீட்டிங்குக்குத் தாமதம். பாப்பாவுக்குச் சரியாக அப்போதுதான் பசிக்கும். பெங்களூர் ஆபீசிலிருந்து நிர்மலா மேடம், "வீட்லருந்து வேலை பாக்கறது உங்களுக்கு செட் ஆகலையோ சுசித்ரா?" என்றார். இவரிடம் சொல்லி அழுதேன். "உம்" என்றார். அவ்வளவுதான். டிவி பார்க்கப் போய்விட்டார்.

மார்ச் 3, திங்கள்

இன்று டாண் என்று ஒன்பதுக்கு மீட்டிங்கில் நுழைந்தால் ஒருவரும் இல்லை. கால் மணி நேரம் தேவுடு காத்தேன். எனக்கு மட்டும்தான் சட்டம் போலிருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது வினை. மாரண்டஹள்ளி வீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்க, ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஒரு புது டிஜிட்டல் சாவி லேப்டாப்புக்கு வரும். இன்று பதினோரு முறை வந்தது. பதினோரு முறையும் "செல்லாது".

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ் சப்போர்ட்டில் மாயவன் என்று ஒருவர். "பழைய கீய அழிச்சிட்டுப் பாருங்க மேடம்." செல்லாது. "நெட்ட மாத்திப் பாருங்க." செல்லாது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அய்யா, நான் முதலில் செய்ததே அதுதான்!

மார்ச் 5, புதன்

செல்லாது.

மார்ச் 6, வியாழன்

நாளைக்குள் சரியாகாவிட்டால் திங்கள் முதல் பெங்களூர் ஆபீசுக்கே வரவேண்டுமாம். பாப்பாவுக்கு ஏழு மாதம். இன்னும் தாய்ப்பால்தான். விட்டுட்டு எப்படிப் போவேன்? வேலையைத்தான் எப்படி விடுவேன்? இவர், "செரியாப் போயிடும் சுசி" என்கிறார். தானா ஆகுமா? பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது.

மார்ச் 7, வெள்ளி

மாயவன் வீடியோ காலில் என் திரையைப் பார்த்தார்.

"மேடம், லேப்டாப்ல மணி என்ன?"

"பத்தே முக்கால்."

"இங்க பத்தரைதானுங்களே!"

சாவிக்கு ஆயுள் ஐந்தே நிமிடமாம். என் லேப்டாப் கணக்குப்படி அது வரும்போதே காலாவதி. மணியைத் திருத்தினேன், உடனே திறந்தது. ஐந்து நாள்! இதற்கா?

சுவரைப் பார்த்தேன். அங்கேயும் பத்தே முக்கால். இவருக்கு ஓசூர் கம்பெனி பஸ் தவறக்கூடாதென்று இந்த வீட்டுக் கடிகாரங்கள் கால் மணி முன்னால்தான் ஓடும். பழகிப்போய் அதையே மறந்துவிட்டேன். சுவரும் லேப்டாப்பும் ஒரே மணி சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஷிஃப்ட் முடிந்து வந்தவரை வாசலிலேயே பிடித்தேன்.

"ஏங்க, லேப்டாப்ல கைய வெச்சீங்களா?"

"ஞாயித்துக்கெழம மாத்தி வெச்சேன். மீட்டிங்குக்கு லேட்டாவுதுன்னு அழுதியே."

திட்ட வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"சொல்லிட்டாவது செய்யக்கூடாதா?"

"சொன்னா நீ கால் மணி கழிச்சிக்குவியே."

மார்ச் 10, திங்கள்

நேற்று இவர் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் சரியான மணிக்குத் திருப்பி வைத்தார். இன்று கம்பெனி பஸ் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறார்.

ஒன்பது மணி மீட்டிங்குக்கு நேரத்தில் போனேன். பாப்பா மடியில் தூங்கினாள். மேடம் பெங்களூர் பேச்சையே எடுக்கவில்லை.

முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளி வைத்தேன். இவரிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் கழித்துக்கொள்வார்.