வியாழக்கிழமை மன்னிப்பு

ஜூன் 4, புதன்

இன்று எங்கள் அறுவைப் பேராசிரியர் குரு தம்ரோங் ஒரு பித்தப்பையை எடுத்தார். வயிற்றுக்குள் கேமரா பிடித்தது நான். நோயாளி புவாலை, பேருந்து நிலையத்தில் பப்பாளிக்காய் சாலட் இடித்து விற்கும் அம்மாள்.

குரு வெட்டியது பித்தப்பையின் சின்னக் குழாயை அல்ல. கல்லீரலிலிருந்து இறங்கும் பெரிய குழாயை. திரையில் பார்த்தேன். பார்த்தேனா, பார்த்ததாக நினைக்கிறேனா? அறுவைப் பயிற்சியில் மூன்றாம் ஆண்டு. எனக்கு என்ன தெரியும்?

"குருவே, அது—"

"கேமராவ ஆட்டாத, ரின்."

அவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

புவாலையின் கண்ணில் மஞ்சள்.

ஜூன் 7, சனி

வார்டில் குரு, புவாலையின் மகள் மாலியிடம் சொன்னார்: "கல்லு ஒண்ணு நழுவியிருக்கும். தானா சரியாயிடும்."

மாலி அவரைக் கும்பிட்டுவிட்டு, வாழையிலையில் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் நீட்டினாள். அவர் அதை வாங்கி என் கையில் திணித்தார். அதைச் செவிலியர் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

ஆளுநரின் பெண்டாட்டிக்கு இப்படி ஆகியிருந்தால் இந்நேரம் விமானத்தில் பாங்காக் போயிருப்பாள். புவாலை மஞ்சளாகிக்கொண்டே கும்பிடுவாள்.

பயமாக இருக்கிறது. அவள் செத்துவிடுவாளோ என்றா, என் படிப்பு போய்விடுமோ என்றா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. கேவலம்.

ஜூன் 9, திங்கள்

குருவின் அறைக்குப் போனேன். "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா, குருவே?"

சிரித்தார். "வியாழக்கிழமை குரு வணக்கம். உறுதிமொழி சொல்லப்போறது நீ. இந்தத் துறையில முதல் பொண்ணு. அத மட்டும் யோசி."

மிரட்டலா? வாழ்த்துப் போலவும் இருந்தது.

கிட்டி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். எனக்கு ஒரு வருடம் மூத்தவர், பக்கத்து அறை. "பைத்தியமா உனக்கு? குருத்துரோகம் பண்ணினவன் கை வெளங்காது. முன்ன இங்க ஒரு டாக்டர் வாய் தொறந்தாரே, இப்ப அழகு சிகிச்சை கிளினிக்குல மூக்கத் தூக்கிவிட்டுட்டு இருக்காரு."

"அவரு கை நல்லாத்தானே இருக்கு?"

"கத்தி குடுக்கத்தான் ஆள் இல்ல, தாயி."

ஜூன் 11, புதன்

புவாலைக்குக் காய்ச்சல். குளிரில் கட்டில் ஆடுகிறது.

மாலையில் நாளைய குரு வணக்கச் சடங்கின் தட்டுக்குப் பூ அடுக்கினோம். அருகம்புல் மிதித்தாலும் தழைக்கும். இட்லிப்பூ அறிவின் கூர்மை. கத்தரிப்பூ தலை கவிழ்ந்தே பூக்கும். இங்கே வேண்டியது மூன்றாவது மட்டும்.

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே சொல்லிவிட்டேன். மாலியை மாடிப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன்.

"தப்பான குழாய வெட்டிட்டாங்க. கேமரா பிடிச்சது நான், பாத்தேன். உடனே பாங்காக்குக்கு அனுப்பச் சொல்லுங்க. அனுப்பலேன்னா கத்துங்க."

"இத்தனை நாளா ஏன் சொல்லல, டாக்டர்?"

அவள் படியில் இறங்கி ஓடினாள். நான் சடங்குக்குப் போனேன்.

அரங்கு முழுக்க வெள்ளைக் கோட்டு. உறுதிமொழி சொல்லி முடித்தேன். பிறகு தட்டை ஏந்தி முழங்காலால் நகர்ந்து குருவிடம் போக வேண்டும். செயலாலும் சொல்லாலும் மனதாலும் செய்த பிழைக்குச் சீடர் மன்னிப்புக் கேட்க வேண்டும். குரு மன்னித்து உள்ளங்கையில் சந்தனம் வைப்பார். வருடா வருடம் எல்லோரும் ஒப்பிக்கிற வரி.

ஒப்பித்தேன். தலை தூக்காமல், மெதுவாகச் சேர்த்தேன்: "புவாலையோட மகள்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன், குருவே. அதுக்கும் சேத்து."

சந்தன விரல் காற்றில் நின்றது. அத்தனை பேர் பார்க்கும்போது மன்னிக்காமல் இருக்க அவருக்கு வழியில்லை.

"மன்னிச்சேன்," என்றார். விரலை வைக்கவில்லை, அழுத்தினார். நகம் பதிந்தது.

ஜூன் 13, வெள்ளி

நேற்று மதியமே ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. மாலி வராந்தாவில் படுத்துக்கொண்டு கத்தினாளாம். அறுவை அட்டவணைப் பலகையில் என் பெயர் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கிட்டி அண்ணன் தட்டோடு வேறு மேசைக்குப் போனார்.

அடுத்து என்ன செய்வார்கள்?

ஜூன் 20, வெள்ளி

மாலி போன் செய்தாள். குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்களாம். அம்மா கஞ்சி குடிக்கிறாளாம். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லாததே சரி.

ஜூன் 30, திங்கள்

பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேருக்கு டெங்கு. வேறு ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். குரு தம்ரோங். மறுபடியும் பித்தப்பை, கேமராவில் நான்.

கத்தரியைக் குழாய்க்குக் கொண்டுபோனவர் நின்றார்.

"என்ன குழாய் இது? நீ சொல்லு. வெட்டலாமா?"

கேலியா, நிஜமா? முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெளிவாத் தெரியல, குருவே. சுத்தி இருக்கற சதைய இன்னும் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க."

அவர் கத்தரியை வெளியே எடுத்துச் செவிலியிடம் கொடுத்துவிட்டு, பிரிக்கத் தொடங்கினார்.