விரிப்பின் மறுமுனை

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல, ஒன்றையும் விடாமல், அழகுபடுத்தாமல், உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று உறுதி சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். அம்மாவின் வலது தோளைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கிறாள், ‘நல்லா இருக்கேன்’ என்று நீ மொட்டையாகப் பதில் எழுதினால் நம்பமாட்டாளாம். சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அந்தத் தோள் இறுகிவிட்டது, அதனால்தான் கடிதம் என் கையெழுத்தில் வருகிறது. மருந்தைவிட அசைவு நல்லது என்று டாக்டர் ஒரு நடன வகுப்புக்கு அனுப்பினார். அங்கே பாட்டும் கிடையாது தாளமும் கிடையாது, மனதில் தோன்றியபடி உடம்பை அசைக்க வேண்டும். ஊரார் வெறுங்காலால் மிதித்த தரையில் கன்னத்தை வைத்துப் படுக்கச் சொன்னார்களாம், பக்கத்தில் ஒரு பல் டாக்டர் புழுவாக நெளிந்தாராம், அவருடைய வியர்வை அம்மாவின் முழங்கையில் பட்டதாம். ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நான் சொல்றேன் எழுதிக்கோடி, கூடமே நாறுது’ என்கிறாள்.

போன வாரம் டீச்சர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, யோசிக்காதீங்க, கை போற வழிக்கு விடுங்க என்றாராம். அம்மாவின் கை தானாகவே விரிப்பு மடிக்க ஆரம்பித்துவிட்டது. கையில் விரிப்பும் இல்லை, எதிரே ஆளும் இல்லை. ஆனாலும் உதறி நீட்டியதும், மறுமுனையிலிருந்து நீ வெடுக்கென்று இழுத்து விளையாடுவாயே, அந்தப் பழக்கத்தில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்திருக்கிறாள். இழுக்க ஆளில்லாததால் தடுமாறிப் போனாள். கண்ணைத் திறந்தால் வகுப்பே கைதட்டுகிறது. ‘அக்கா, இதுதான் கலை! எல்லாரும் இதையே செஞ்சு பாருங்க’ என்றாராம் டீச்சர். உடனே அத்தனை பேரும் நீட்டினார்கள், சாய்ந்தார்கள், தடுமாறினார்கள், சிரித்தார்கள். பல் டாக்டர் ஆசை தீராமல் இன்னொரு தரம் தடுமாறினாராம். ‘சீ, என் தட்டுல நாலு பேர் கைவிட்ட மாதிரி இருந்துச்சு. இழுக்கிறது என் பிள்ளைடி, இவங்க எதுக்குத் தடுமாறணும்?’ இதைச் சொல்லும்போது அம்மாவின் முகம் புளியைக் கடித்தது போல இருந்தது. அதே தடுமாற்றத்தை மேடையில் ஆடிக் காட்டுங்கள், ஒத்திகைக்கு வாருங்கள் என்று டீச்சர் கேட்டபோதுதான் அம்மா வாயைத் திறந்தாளாம். ‘அந்த நேரத்துல தோணுறதுதான் ஆட்டம், திரும்பச் செஞ்சா அது பொய்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?’ மேடை கிடையாது, வகுப்புக்கு மட்டும் போவாள். தோள் கொஞ்சம் இளகியிருக்கிறது என்பதைக்கூட மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் ஒப்புக்கொள்கிறாள். நேற்று வீட்டில் விரிப்பு மடிக்கும்போது மறுமுனையை நான் பிடித்தேன். ‘நீ ரொம்பப் பதமாப் பிடிக்கிற’ என்று அதற்கும் ஒரு சுளிப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, கண்ட தரையிலும் கன்னத்தை வைக்காதே, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. ஊருக்கு வரும்போது விரிப்பை வெடுக்கென்று இழுக்காதே, தோள் தாங்காது என்கிறாள். இல்லை, இழுத்தால் இழுக்கட்டும் என்கிறாள். இரண்டையும் அடித்துவிடு என்கிறாள். அடிக்கமாட்டேன், உறுதி சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னது அம்மா, எழுதியது தங்கை.

அடித்துவிட்டேனா என்று அம்மா எட்டிப் பார்த்தாள். இந்த வரி கோணலாக இருக்கிறதென்றால், அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.