மை போல அரைத்தது

மார்ச் 3, திங்கள்

வாஷிங் மெஷின் குழாய் மறுபடியும் கசிகிறது. பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அவரிடம் சொன்னால் "பார்க்கறேன்" என்பார். பார்த்துப் பார்த்தே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

காலையிலேயே நாத்தனார் என் அறைக்கு ஓடி வந்தாள். அருங்காட்சியகத்தில் கற்களை நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்வது அவள் வேலை. எக்ஸ்-ரே கருவி என் பொறுப்பு. வீட்டிலும் அவள் மாடியில், நான் கீழே. ஆக, நாள் முழுக்க "அண்ணி, அண்ணி"தான்.

கையில் ஒரு செம்புத் தாதுக் கல். யாரும் திறக்காத இழுப்பறையில் கிடந்ததாம். கருநீலச் சாம்பல் நிறத்தில் தகடு தகடாகப் பளபளக்கிறது.

"இது டைஜெனைட் இல்ல அண்ணி. அனிலைட்."

இரண்டிலும் செம்பும் கந்தகமும்தான், அளவில்தான் இம்மி வித்தியாசம். டைஜெனைட் எத்தனையோ சுரங்கங்களில் கிடைக்கும். அனிலைட் அபூர்வம், எங்கள் சேகரிப்பிலேயே கிடையாது. வெறும் கண்ணுக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி. இவள் பாலிஷ் மெஷின்கூட வேண்டாம் என்று கையாலேயே ஈரத்துணியில் தேய்த்து மெருகேற்றிப் பார்த்திருக்கிறாள். "நுண்ணோக்கித் தட்டைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடிக் குறையுது. டைஜெனைட்னா எப்படித் திருப்பினாலும் இருட்டாவே இருக்கும்ல?"

இருக்கும்தான். ஆனாலும் நீதிபதி சொல்ல வேண்டும். என் கருவிக்கு நான் வைத்த பேர் அது. இவள் வேலை இன்னும் ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. நிரந்தரம் ஆக்குவதா என்று 14-ஆம் தேதி கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். இந்தக் கல் உறுதியானால் மறு பேச்சே இருக்காது.

நகத்தளவு சில்லுகள் சிலவற்றைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டும் நகரவில்லை. "அரைக்காம அப்படியே வச்சுப் பார்க்க முடியாதா அண்ணி?"

"ஏன்?"

"தெரியல. ரொம்ப மிருதுவான கல்லு. ஏதோ மனசு வரல."

"அப்படியே வச்சு அழகு பார்க்க நான் என்ன நகைக்கடையா நடத்தறேன்? அரைக்கறதுக்கு எனக்கே பாடமா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

அரைத்தாயிற்று. அகேட் என்கிற கடினக் கல்லில் செய்த கல்வத்தில், மை போல. விரலிடுக்கில் தேய்த்தால் ஒரு துகள்கூட நெருடக் கூடாது, அதுதான் என் கணக்கு. இந்தக் கட்டிடத்தில் என்னைப்போல் அரைக்க ஆளில்லை.

நீதிபதி தீர்ப்பு சொல்லிவிட்டார்: டைஜெனைட். வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு அப்படியே பொருந்துகிறது.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நேற்று சாப்பிடும்போது அவர், "என் தங்கச்சிக்குக் கழுகுக் கண்ணு" என்றார். என்னைப் பற்றி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமா அந்த வாயிலிருந்து?

வீட்டில் அவளிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டம். கல்லைத் திருப்பும்போது வெளிச்சம் மாறுவதையெல்லாம் அவள் படம் போட்டு அழகாக விளக்கினாள். இயக்குநர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் என் முறை. வரைபடத்தைப் போட்டேன். "டைஜெனைட்தான். சந்தேகமே இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "எங்க குடும்பத்துல ஒருத்தருக்குக் கண்ணாடி மாத்தணும்போல" என்று சொல்லி நானே சிரித்தேன்.

மேசை முழுக்கச் சிரிப்பு.

அவள் காது மடல் சிவந்துவிட்டது. "திருப்பினப்போ வெளிச்சம் மாறிச்சு. நான் பார்த்தேன்" என்றாள், மெதுவாக. இயக்குநர் "எக்ஸ்-ரே பொய் சொல்லாதும்மா" என்று ஃபைலை மூடினார்.

மார்ச் 15, சனி

சே. என்ன வாய் இது.

மார்ச் 19, புதன்

நிரந்தரம் இல்லை. ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறதாம். "அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவர்" என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அவசரமா? அவளா? ஒரு கல்லை ஒரு வாரம் பார்க்கிறவள்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நீ சரியாத்தானே சொன்னே, விடு" என்றார். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவி வைத்தேன். அவள் படியில் எதிர்ப்பட்டு "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று வழக்கம்போலக் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆண்டறிக்கைக்கு அந்த டைஜெனைட்டின் வரைபடம் புதிதாக ஒன்று வேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த சில்லுகளில் ஒன்றைக் கல்வத்தில் போட்டு நாலு சுற்று சுற்றியிருப்பேன், குழாய் ரிப்பேர்காரர் போன் செய்துவிட்டார். எந்த மெஷின், எந்தக் குழாய், எந்த மாடி என்று ஒரே கேள்வி. அந்த எரிச்சலில் பாதி அரைத்ததை அப்படியே கருவியில் வைத்துவிட்டேன்.

டைஜெனைட் கோடுகள் இருந்தன. பக்கத்திலேயே வேறு கோடுகளும் இருந்தன.

அழுக்கு என்று நினைத்தேன். கல்வம் சரியாகக் கழுவவில்லையோ? அதே தூளைத் திரும்பவும் நன்றாக அரைத்து வைத்தேன். அந்த வேறு கோடுகள் காணாமல் போய்விட்டன. டைஜெனைட் மட்டும்.

அழுக்கு என்றால் அரைத்தால் போகுமா? அழுக்கு எங்கே போகும்? என் கைதான் ஏதோ பண்ணுது. என் கைதான்.

மார்ச் 28, வெள்ளி

என் அலமாரியில், என் தலைக்கு மேலேயே இருக்கிற கையேடு. ஒரே ஒரு வரி. அனிலைட்டை அரைத்தால், அரைக்கும்போதே டைஜெனைட்டாக மாறிவிடும்.

எல்லாம் தெரிந்தவளுக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. சுமாராக அரைக்கிறவள் யாராவது அரைத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும். மை போல அரைத்தேனே மகராசி! நீதிபதி மேல் ஒரு குற்றமும் இல்லை. சாட்சியை அடித்து நொறுக்கி, வேறு ஆளாக்கிக் கூண்டில் ஏற்றியது நான்தான்.

ஒரு சில்லு மட்டும் மிச்சம் இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

அதைத் தொடவே பயமாக இருந்தது. கண்ணாடி இழை முனையில் துளி பசை வைத்து, அந்தச் சில்லை அப்படியே ஒட்டி, மெதுவாகச் சுழலவிட்டேன். அரைக்கவில்லை. அவள் கேட்டாளே, அதேபோல. இப்படிச் செய்ய என் கருவியில் வசதி எப்போதும் உண்டு. நேரம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

அனிலைட்.

சாயந்தரம் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு இறங்கிவிட்டேன். என்னவென்று சொல்வேன்? நாளைக்கு. தலைவலி வேறு. இந்தத் தலைவலி எல்லாம் எனக்குத் தெரியாதா? பொய்த் தலைவலி.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். அவள் அறையில், இழுப்பறைகளுக்கு நடுவில், நின்றுகொண்டே. வரைபடங்களை வரிசையாக வைத்தேன். பாதி அரைத்தது, முழுக்க அரைத்தது, அரைக்காதது. அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கடைசி வரைபடத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். கல் அவள் பார்த்த கல்லாகவே இருந்தது என்கிற சந்தோஷம். அதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை.

அப்புறம் சொன்னாள். "அரைக்காம பாருங்கன்னு அன்னிக்கே கேட்டேனே அண்ணி."

"ஆமா, கேட்டே. தப்பு என்னோடதுதான்."

"தப்பு யாருக்கும் வரும். எனக்கே அந்த விஷயம் தெரியாதே." வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க."

வரைபடங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இயக்குநரிடம் போனேன். மனிதர் நல்லவர்தான், அதுவே தொல்லை. "மறு ஆய்வில் தெரிய வந்ததுன்னு ஒரு வரித் திருத்தம் போட்டுடலாம். உங்க பேரை எதுக்கு இழுக்கணும்? இத்தனை வருஷ சர்வீஸ்" என்றார்.

ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. எழுதத்தான் வேண்டும் — தட்டியது. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். அவளுடைய சிவந்த காது மடல் ஞாபகம் வந்தது. "இல்ல சார். கூட்டத்துல சிரிச்சேன். கூட்டத்துலேயே சொல்றேன்."

ஏப்ரல் 7, திங்கள்

அதே மேசை, அதே ஆட்கள். அவளும் இருந்தாள். நின்று சொன்னேன். அரைத்தது நான், மாற்றியது என் அரைப்பு, அவள் கண்ணில் பட்டது சரி, அரைக்காதே என்று அவள் கேட்டதை நான் கேட்கவில்லை. "கண்ணாடி மாத்த வேண்டியது எனக்குத்தான்" என்றும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் பேனா மூடியைத் திருகினார்.

கல் அவள் பேரில் பதிவாகும். "அவசரப்பட்டு" என்ற வரியை அடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வேலை இடத்தையே மேலிடத்தில் ரத்து செய்துவிட்டார்களாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள்.

வெளியே வந்ததும் அவள், "எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு அண்ணி. போன வாரமே சரின்னுட்டேன்" என்றாள். போன வாரம். நான் பொய்த் தலைவலியோடு படுத்திருந்த வாரம்.

கொட்டின பாலை அள்ள முடியுமா?

ஏப்ரல் 30, புதன்

அவர் பெட்டியைத் தூக்கினார், நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினேன். ஸ்டேஷனில் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம் "வரேன் அண்ணி" என்றாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கழுகுக் கண் பேச்சு இனிமேல் எங்கள் வீட்டில் வராது என்று நினைத்தபோது, அதை இன்னும் நூறு தடவை கேட்கலாம்போல இருந்தது.

மே 11, ஞாயிறு

குழாயை அவரே சரி செய்துவிட்டார். மாடி அறையைக் கூட்டினேன். கூட்ட ஒன்றுமே இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஞாயிறுதோறும் அவருக்குப் போன் செய்கிறாள். "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று கேட்கிறாளாம். இருக்கிறேன் என்று அவர் சொல்கிறாராம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அலுவலகத்துக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. அனுப்பியவர் பேரைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். பஞ்சுக்குள் சாம்பல் நிறச் சில்லு ஒன்று. கூட ஒரு குறிப்பும் இல்லை. பிரித்து முடிக்கவில்லை, போன் அடித்தது. அவருக்கு இல்லை, எனக்கு.

"வந்துச்சா அண்ணி?"

"வந்துச்சும்மா."

"இங்கயும் எக்ஸ்-ரே இருக்கு. ஆனா நீங்க பார்த்தா நல்லாயிருக்கும்னு தோணிச்சு."

கல்வம் முன்னாலேயே இருந்தது. கழுவித் துடைத்து, மார்ச்சிலிருந்து வைத்த இடத்திலேயே. சில்லைப் பஞ்சோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"இதை அரைக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள்.

"கேட்கக்கூடத் தெரியுமா உங்களுக்கு?"