மெல்பேர்னுக்குப் போகச் சொன்னது நான்தான்

மவுண்ட் ரோஸ்கில்,
ஆக்லாந்து.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கிருசாந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் யசீகரனும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு நெஞ்சுத் தையல் நன்றாகக் காய்ந்துவிட்டது. இப்போது கையைத் தூக்கித் தானே சட்டை போடுகிறார், காலையில் பஸ் தரிப்பு மட்டும் நடந்து போய்த் திரும்பி வருகிறார், வந்ததும் உப்பில்லாத சாப்பாட்டுக்கு முகத்தைச் சுளிக்கிறார். அண்ணாவுக்கு வேலை கூடிவிட்டது, சனிக்கிழமையும் போகிறான். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, கோபம் ஒன்றைத் தவிர.

அந்தக் கோபத்தை ரெலிபோனில் சொன்னால் பாதியில் அழுகை வந்துவிடும், நீயும் அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு மறைத்து வைக்காதே, யசீகரனிடம் கொடு. வெள்ளிக்கிழமை நீ கதைத்தபோது, இனிமேல் இப்படித் தேவையில்லாத பயணம் வேண்டாம் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். சொல்லிவிட்டு நீயே அவருக்காகச் சமாதானமும் பேசினாய், அவர் பயத்தில் சொல்கிறார் அம்மா, விடுங்கோ என்று. நான் விடவில்லை. என் தங்கச்சி தமயந்தியை எரித்து எட்டு நாள்கூட ஆகவில்லை. அவளைப் பார்க்கப் போனது தேவையில்லாத பயணம் என்று ஒருவர் சொல்ல நான் சும்மா இருக்க முடியாது. அதுவும் நீயாகப் போகவில்லை. உன்னைப் போகச் சொன்னது நான்தான். அதை முதலில் யசீகரன் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு பைபாஸ் என்று டொக்டர் சொன்ன அன்றே நீ வருகிறேன் என்றாய். உங்கள் இரண்டு பேருடைய நிரந்தர வதிவிட விண்ணப்பமும் அங்கே அமெரிக்காவில் முடிவில்லாமல் கிடக்கிறது, இடையில் வெளியே போனால் திரும்பி உள்ளே வர ஒரு தாள் வேண்டும், அந்தத் தாள் கையில் இருக்கிறது என்று சொன்னாய். என்ன தாள் என்று கேட்டேன். அட்வான்ஸ் பரோல் என்றாய். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. பரோல் என்றால் எங்கள் ஊர்ப் பேப்பரில் கைதியைச் செத்தவீட்டுக்கு விட்டுப் பிடிப்பதற்குப் பெயர். படித்து, வேலை செய்து, வரி கட்டுகிற என் பிள்ளைக்கு இந்தப் பெயரில் ஒரு தாளா. நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ வந்து, அப்பாவின் ஒபரேஷன் நல்லபடி முடிந்து, அவர் வீட்டுக்கு வந்த நான்காம் நாள்தான் உன்னிடம் மெல்பேர்னில் இருந்த தமயந்தியின் கதையை எடுத்தேன். அவளுக்குக் கல்லீரலில் வந்தது வேகமாகப் பரவிவிட்டது, இனி வாரக்கணக்குத்தான் என்று அவளுடைய மகள் நிலானி அண்ணாவுக்கு எழுதியிருந்தாள். எனக்கு நேராக எழுதவில்லை. ஏழு வருடமாக நானும் தமயந்தியும் பேசுவதில்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். காரணம் உனக்கும் தெரியும். நீ அமெரிக்காவில் பட்டம் வாங்கிய படத்தைப் பார்த்துவிட்டு, நாலு பேர் இருந்த இடத்தில், பிள்ளையை வளர்த்தது நான் என்று அவள் சொன்னாள். பெற்றது நான் என்று நான் சொன்னேன். அவ்வளவுதான். அதன் பிறகு அவளும் கோல் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

யசீகரனுக்கு இது தெரியாது என்பதால் எழுதுகிறேன். 2006இல் சண்டையில் ஏ9 பாதை பூட்டியபோது உனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக ஆமியின் கிளியரன்ஸ் வேண்டும். கச்சேரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டெழுத்து வேலை செய்தவள் நான், எத்தனையோ பேருக்குக் கடிதம் அடித்துக் கொடுத்த கையால்தான் உனக்கும் அடித்தேன். கப்பலில் உன்னைத் தனியே அனுப்பினேன். கொழும்பில் வந்து உன்னைப் பொறுப்பெடுத்தவள் தமயந்தி. வெள்ளவத்தையில் ஒரே ஒரு அறை, புருசன் கட்டாரில், கையில் ஆறு வயது நிலானி. அந்த அறையில் கட்டிலை உனக்கும் நிலானிக்கும் தந்துவிட்டு அவள் தரையில் படுத்தாள். ஐந்து வருடம். பொலிஸ் பதிவுக்கு உன்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அவள், அம்மை வந்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தது அவள். இதை இங்கிலீசில் ஆன்ட்டி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சின்னம்மா என்ற சொல்லில் அம்மா இருக்கிறது, அது அவர்களுக்கு விளங்காது, ஆனால் யசீகரனுக்கு விளங்க வேண்டும்.

நான் கேட்டதும் நீ மறுக்கவில்லை. அவுஸ்திரேலியா விசாவை அமெரிக்காவில் இருக்கும்போதே எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா, நீங்கள் சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாய். அன்றிரவே அந்தப் பரோல் தாளை வாங்கி, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்து முன்பக்கமும் பின்பக்கமும் வாசித்தேன். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. இன்ன திகதிக்குள் திரும்பி வரலாம், ஆனால் விடுவதும் விடாததும் வாசலில் நிற்கும் அதிகாரியின் முடிவு, இதுதான் சாரம். உன் லோயரும் அதையே எழுதியிருந்தார், எத்தனை நாடு போகிறீர் என்பதில் பிரச்சினை இல்லை, அந்தந்த நாட்டு விசா உம்முடைய பொறுப்பு, திகதிக்கு முன் திரும்பினால் போதும் என்று. ஆகவே ஒளித்தும் போகவில்லை, சட்டத்தை மீறியும் போகவில்லை. நீ செய்த ஒரே பிழை அந்த லோயரின் கடிதத்தை யசீகரனுக்குக் காட்டாமல் போனது. சொன்னால் வேண்டாம் என்பார் என்று சொல்லாமல் போனாய். அதற்கு உன் தலையில் ஒரு குட்டு, இங்கே இருந்தே வைக்கிறேன்.

மூன்று நாள் இருந்துவிட்டு நீ திரும்பி வந்தாய். முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து உன்னை அமெரிக்காவுக்கு ஏற்ற ஏர்போட் போனோம். அந்தக் கவுண்டரில் நடந்ததை யசீகரனும் அறியட்டும். கழுத்தில் நீலத் துணி கட்டிய அந்தப் பெண் தாளைக் கையில் வாங்கி, இது விசா இல்லையே என்றாள். நீ பொறுமையாக விளக்கினாய். அமெரிக்காவை விட்ட பிறகு வேறு எங்கேயாவது போனீரா என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னாய். உடனே அவள், நியூசிலாந்துக்கு வரத் தந்த தாளில் அவுஸ்திரேலியாவுக்கு ஏன் போனீர், அது சரிவராது என்று சொல்லி உன்னை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னாள். பின்னால் நின்ற சனம் எல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டு முன்னுக்குப் போனது. நாற்பது நிமிடம். ஒரு தடவைகூட அவள் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீசில், தயவுசெய்து பின்பக்கத்தை வாசியுங்கோ, எந்த நாட்டுப் பேரும் அதில இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், கோட்டுக்கு அங்காலே போய் நில்லுங்கள் என்றாள். நீயும் மெல்ல, அம்மா நீங்கள் பேசாமல் நில்லுங்கோ, கோபப்பட்டால் இன்னும் பிழையாய்ப் போகும் என்றாய். நான் பின்னுக்குப் போய் நின்றேன். அதுதான், மகள், எனக்கு இன்னும் எரிகிறது. கச்சேரியில் எங்கள் சனம் இப்படித்தான் நின்றது, சத்தம் போட்டால் கிடைக்கிறதும் கிடைக்காது என்று வாயை மூடிக்கொண்டு. இவ்வளவு தூரம் வந்தும் உனக்கு அதே வாய் மூடல்தானா.

மேலதிகாரி வந்து எங்கேயோ கோல் எடுத்துக் கதைத்து, தாள் சரியானதுதான், போகலாம் என்று சொன்னபோது விமானக் கதவு பூட்டியாகிவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி, சாப்பிட ஒரு சீட்டுத் தந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. அண்ணா அந்தச் சீட்டில் கோப்பி வாங்கிக் குடித்தான், எனக்கு அவனிலும் கோபம்.

காரில் வரும்போது யசீகரன் கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் இருந்தபடியால் எல்லாம் என் காதில் விழுந்தது. என்ன தேவைக்கு அங்க போனனீர், எங்கட ரெண்டு பேற்ற கேசும் இதில தொங்குதெண்டு உமக்குத் தெரியாதா, மகேசன் அண்ணை சொல்லுறார் அந்தப் பேப்பரோட ஒரு நாட்டுக்குத்தான் போகலாமாம், ரெண்டாவது நாட்டில கால் வைச்சால் எல்லாம் கான்சலாம். இந்த மகேசன் யார். நீங்கள் குடியிருக்கும் தெருவில் பதினைந்து வருடமாக இருக்கிறார் என்பதைத் தவிர அவருக்குக் குடிவரவுச் சட்டத்தோடு என்ன சம்பந்தம். லோயர் எழுதியதை விட்டுவிட்டு, பார்பிக்யூவில் இறைச்சி திருப்புகிறவர் சொன்னதைக் கேட்டா பெண்சாதியை ஏசுவது. யசீகரனின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. எட்டு வருடம் காத்திருக்கும் காரியம், உன்னைத் திருப்பி அனுப்பினால் அவருடைய வாழ்க்கையும் உடையும். பயப்படட்டும், நானும்தான் பயந்தேன். ஆனால் அந்த நேரம் உன்னிடம் அவர் கேட்டிருக்க வேண்டியது, சின்னம்மா எப்படி இருக்கிறா என்று. அதை அவர் கேட்கவே இல்லை.

லொஸ் ஏஞ்சலிசில் உன்னை உள் அறையில் இரண்டரை மணி நேரம் இருத்தி வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க நான் இங்கே சாமியறை வாசலில் ரெலிபோனோடு இருந்தேன். கடைசியில் அந்த அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் என்று சொன்னாய். மெல்பேர்னில் யார். என்னை வளர்த்த சின்னம்மா, சாகக் கிடக்கிறா என்றாயாம். வருந்துகிறேன் என்று சொல்லி முத்திரையைக் குத்தினாராம். தடுத்து நிறுத்தும் அதிகாரம் இருந்தவர் ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். அதிகாரம் இல்லாதவர்கள்தான் உன்னை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் தமயந்தி போய்விட்டாள். நானும் அண்ணாவும் செத்தவீட்டுக்குப் போன விபரம் உனக்கு வடிவாகச் சொல்லவில்லை. மெல்பேர்ன் ஏர்போட்டில் அண்ணா என்னை ஒரு மெசினுக்கு முன்னால் நிறுத்தினான். நியூசிலாந்துப் பாஸ்போட்டை வைத்தேன், முகத்தைப் படம் பிடித்தது, கதவு திறந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வந்தீர், யாரிடம் வந்தீர், முன்னம் எங்கே போனீர், ஒன்றும் இல்லை. அண்ணா முன்னுக்குப் போய்விட்டான், நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பாஸ்போட் ஆறு வருடமாக என் அலுமாரியில் கிடக்கிறது. மூன்றரை மணி நேரப் பயணம். போகாததற்கு அப்பாவின் ஒபரேஷன் என்று எல்லோருக்கும் சொன்னேன், ஆனால் அவள் படுக்கையில் விழுந்தது ஒபரேஷனுக்கு நாலு மாதம் முன்னம். எனக்கு எந்த வாசலும் பூட்டியிருக்கவில்லை, நான் போகவில்லை. எல்லா வாசலிலும் மறிக்கக்கூடிய ஒரு தாளை வைத்துக்கொண்டு நீ போனாய். கவுண்டர்க்காரியிலும் மகேசனிலும் யசீகரனிலும் எனக்குக் கோபம்தான், ஆனால் ஆகப் பெரிய கோபம் யாரில் என்று இப்போது உனக்கு விளங்கும்.

செத்தவீட்டில் நிலானி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், பெரியம்மா, அக்கா வந்து போன பிறகு அம்மா ஒவ்வொரு நேர்சுக்கும், என்ர மூத்த மகள் அமெரிக்காவில இருந்து வந்து பாத்திட்டுப் போறாள் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ என்று. பழைய யோகராணியாக நான் இருந்தால் என் முகம் மாறியிருக்கும். பக்கத்தில் இருந்த சனமும் என் முகத்தைத்தான் பார்த்தது. ஓம் பிள்ளை, மூத்த மகள்தான் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் எடுத்தது, கேட்க அவள் இல்லை.

யசீகரனுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். தம்பி, உங்களில் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் தேவையில்லாத பயணம் என்ற அந்தச் சொல்லை நீங்கள் திருப்பி எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்ததும் நிலானிக்கு ஒரு கோல் எடுத்து இரண்டு வார்த்தை ஆறுதலாகக் கதையுங்கோ. எனக்கு எடுக்கத் தேவையில்லை.

உனக்கு, மகள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வர வேண்டும் என்று நினைத்து அந்தரப்படாதே. இப்போது நீ வெளியே வர வேண்டாம், இதை யாருக்கும் பயந்து சொல்லவில்லை, உன் அலுப்பு எனக்குத் தெரியும். நான் போய் உன் பெயரிலும் விளக்கு ஏற்றுகிறேன். அது முடிந்ததும் அப்பாவைச் சுகந்தினி அண்ணியிடம் பாரம் கொடுத்துவிட்டு ஓகஸ்டில் உங்களிடம் வருகிறேன், அண்ணா நேற்று ரிக்கெற் போட்டுவிட்டான். அங்கே வாசலில் எதற்கு வந்தீர் என்று என்னைக் கேட்கட்டும். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் இருத்தி வைக்கட்டும், எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

பிள்ளையார் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும், உங்கள் காரியம் கெதியாகச் சரிவரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, அழுகை வந்தால் அழு, அடக்கி வைக்காதே. அந்தத் தாளின் திகதி மாசியில் முடிகிறது, இப்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடு, மறந்துவிடாதே.

என்றும் உன் நன்மையை வேண்டும்
அம்மா
கு. யோகராணி