அறையைத் தானே சுத்தம் செய்த விருந்தாளி

பிளம் ஹில், ஜமைக்கா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்.

அன்பு மகள் நோர்டியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் நம் ஆலயத்து இசில்டாவின் ரிசார்ட் வேலை போகிற நிலையில் இருக்கிறது. அதற்குக் காரணம் நான். வருகிற வெள்ளிக்கிழமை அவளை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீ ஒரு காரியம் செய்தாக வேண்டும். தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உன் தம்பி லென்வொர்த் இதைப் படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்புவான். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், படிப்பான்.

ரிசார்ட்டில் தங்கியது எப்படி இருந்தது, உண்மையைச் சொல்லும்மா, ரிசார்ட்காரர்கள் என்னிடம் கருத்து எழுதி அனுப்பச் சொல்கிறார்கள் என்று நேற்றிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் "நல்லா இருந்துச்சு" என்றேன். நீ டொராண்டோவில் உழைத்துச் சேர்த்து அனுப்பி வைத்த விடுமுறை, வேறு எப்படிச் சொல்வது? இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

வாசலில் இறங்கியதும் ஒரு பெண் வந்து எங்கள் நான்கு பேர் கையிலும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பட்டையை மாட்டி இறுக்கிவிட்டாள். கிளம்பும்வரை கழற்றக் கூடாதாம். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "நான் என்ன ஆஸ்பத்திரியில சேரவா வந்தேன்?" என்று கேட்டார். அறைக்குப் போனதும் பேனாக்கத்தியால் அறுத்துக் குப்பையில் போட்டார். மறுநாள் காலையில் பழைய அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகக் கடற்கரையில் நடக்கப் போயிருக்கிறார். காவலாளி ஓடி வந்து, "பெரியவரே, கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க. இங்க எதுவும் விக்கக் கூடாது" என்றானாம். விற்க அவர் கையில் என்ன இருந்தது? "எதை விக்கறேன், என் தலையையா?" என்று கத்திவிட்டு வந்தவர்தான், சனிக்கிழமை வரை அறையை விட்டு இறங்கவில்லை. குளிரூட்டியைப் பதினாறில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தார். நான் குளியல் துண்டு இரண்டையும் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி தூங்கினேன். வெயில் கொளுத்துகிற நாட்டில் ஒருத்தி குளிரில் நடுங்குவதற்கு மகள் செலவழிக்க வேண்டுமா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

ஸரியாவுக்கு நீச்சல் குளத்தோரம் படுக்கை நாற்காலி வேண்டும் என்று ஒரே அடம். காலை ஆறரைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனால் எல்லா நாற்காலியிலும் துண்டு. ஆள் இல்லை, துண்டு மட்டும். ஒன்றில் ஒற்றைச் செருப்பு, இன்னொன்றில் தடிப் புத்தகம். வெளிநாட்டுக்காரர்கள் விடியும் முன்பே வந்து துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, திரும்பிப் போய்த் தூங்கி, பத்து மணிக்கு மேல் வருகிறார்கள். நான் ஒரு துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையை உட்கார வைத்தேன். அதற்குச் சொந்தக்கார அம்மாள் வெயிலில் வெந்த முகத்தோடு வந்து எதிரே நின்றாள். பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன். கடைசியில் அவள்தான் நகர்ந்தாள். இதுவா ஓய்வு?

சாப்பாடு மலை மலையாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரத்தில் ஊறவைத்துச் சுடும் நம் ஜெர்க் கோழி என்று பலகை வைத்திருந்தார்களே, அதை மிளகாய் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "காரம் போட்டா வெளிநாட்டுக்காரங்க புகார் எழுதிடறாங்க அத்தை. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று காதோரம் சொன்னார். அந்த ஊரில் எல்லோருக்கும் அந்தப் புகார் என்றால்தான் பயம். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

லென்வொர்த் முதல் நாளே எல்லா நிற மதுவிலும் ஒவ்வொரு கோப்பை குடித்துப் பார்த்தான். "எல்லாத்துக்கும் சேர்த்து அக்கா காசு கட்டிட்டா, விடக் கூடாதும்மா" என்றான். இரண்டாம் நாள் முழுக்கத் தன் அறைக் கட்டிலில் கிடந்தான். புதன்கிழமை சாயங்காலம் 'ஜமைக்கா விழா' என்றார்கள். மற்ற நாட்களில் நாங்கள் எந்த நாட்டில் இருந்தோமோ தெரியவில்லை. பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து, "மேடம் எந்த ஊருங்க?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். "பிளம் ஹில்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒலிபெருக்கியைத் தாழ்த்தி, "மன்னிச்சிக்குங்க அத்தை. மேனேஜர் பாக்கறார், சிரிச்சுக்கிட்டே ரெண்டு ஆட்டம் போட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினார். போட்டேன். நான் பிறந்த நாட்டு ஆட்டத்தை எனக்கே கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டேன்.

இதெல்லாம் போகட்டும். இசில்டா விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் அங்கே அறை சுத்தம் செய்கிறாள் என்று தெரியும். எங்கள் கட்டடம் அவள் பொறுப்பு என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டி, "ரூம் சுத்தம் பண்ணலாங்களா?" என்று ஒரு குரல். திறந்தால் சாம்பல் நிறச் சீருடையில், தள்ளுவண்டியோடு இசில்டா. ஞாயிறுதோறும் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். என் அம்மா இறந்தபோது துக்கம் காக்கும் ஒன்பது இரவும் நம் முற்றத்திலேயே கிடந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மீன் பொரித்துப் போட்டவள். அவள் என் கழிப்பறையைத் தேய்க்க, நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீ உட்காரு இசில்டா" என்றேன். "ஐயோ, கூடாது வெரோனா. பார்த்தாங்கன்னா என்னைத் தொலைச்சிடுவாங்க" என்றாள். நான் கேட்டால்தானே? அவள் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினேன். கொடுத்தாள் என்று எழுதினால் பொய், பிடுங்கினேன். பால்கனியில் நாற்காலியைப் போட்டு அவளை அமுக்கி உட்கார வைத்து, புதினாத் தேநீரும், வீட்டிலிருந்து கூடையில் கொண்டுபோன பன்னும் சீஸும் கொடுத்தேன். பிறகு படுக்கையை விரித்து, குளியலறையைத் தேய்த்து, தரையைத் துடைத்தேன். அப்பா கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்கிக் கொடுத்தார். பதினெட்டு வருடம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான், விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சொன்னால் சிரிப்பாய், அந்த ஐந்து நாளில் எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் யாராவது எனக்கு எதையாவது கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமையும் அப்படியே செய்தேன். வியாழக்கிழமை மேற்பார்வையாளர் திருமதி டேக்கர்ஸ் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார். நான் துடைப்பமும் கையுமாக நிற்கிறேன். பால்கனியில் இசில்டா காலணியைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், வாயில் பன், கையில் ஹோட்டல் கோப்பை. அந்த அம்மாள் இசில்டாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் திரும்பி, "உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறோம் மேடம்" என்றார். "நானாத்தாம்மா பண்ணேன், அவ வேண்டாம்னுதான் சொன்னா" என்றேன். "அது உங்க பெரிய மனசு மேடம்" என்றார். எதைச் சொன்னாலும் அதை என் பெரிய மனசுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் ரிப்பன் கட்டிய பழக்கூடை வந்தது, கூடவே ஒரு தாள். பழம் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து என்று நினைத்தேன். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடச் சோம்பல், போட்டுவிட்டேன். சாயங்காலம் லென்வொர்த் நகலை எடுத்துப் படித்தான். அறையைத் தானே சுத்தம் செய்யும் நிலை ஏற்பட்டதாக விருந்தாளி புகார் அளித்துள்ளார் என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. நோர்டியா, அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கு ஓடினேன். "கவலையே படாதீங்க மேடம், நடவடிக்கை எடுத்தாச்சு" என்று ஒரு பெண் சிரித்தாள். புகாரே இல்லை என்றேன். அதற்கும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு முறை, கிளம்பும்போது ஒரு முறை போய்க் கேட்டேன். கடைசியில்தான் ஒரு ஆள் வாய் திறந்தார்: "ரூம் நோர்டியா பார்ட்லி பேர்ல இருக்கு. அவங்க எழுதி அனுப்பறதைத்தான் மேனேஜர் பார்ப்பார்."

இன்று ஆலயத்தில் இசில்டா வழக்கம்போல் என் பக்கத்தில்தான் வந்து நின்றாள். தூரப் போய் நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆராதனை முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு உதவி செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று அழுதேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் சொன்னாள்: "எனக்கா உதவி பண்ண வெரோனா? உனக்கு அங்க உக்காந்திருக்க வெக்கமா இருந்துச்சு, அதுக்கு என் துடைப்பத்தைப் பிடுங்கிக்கிட்ட. நீ பேசாம படுத்திருந்தா நான் இருபது நிமிஷத்துல முடிச்சிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருப்பேன்." அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

ஆகவே மகளே, மேலே எழுதியது எல்லாம் உனக்கு மட்டும். அவர்களுக்கு எழுதும்போது ஐந்து நட்சத்திரம் போடு. குளிரூட்டி இதமாக இருந்தது என்று எழுது. கோழி பிரமாதம், விழா பிரமாதம், காவலாளி தங்கமான மனிதன் என்று எழுது. அப்பா மூக்கால் அழுவார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். அதன் பிறகு இசில்டா ஃபோர்ப்ஸ், மூன்றாம் கட்டடம் என்று முழுப்பெயரும் போட்டு, இவரைப் போல ஒரு பணியாளரைப் பார்த்ததில்லை, இவருக்காகவே மறுபடியும் வருவோம் என்று எழுது. என் அம்மா அடுத்தவர் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்குகிற கிறுக்கு, வீட்டில்கூட யாராலும் அவளை அடக்க முடிவதில்லை, அந்தப் பெண் பாவம் என்ன செய்வார் என்றும் எழுது. என் மானம் போகும் என்று யோசிக்காதே. வியாழனுக்குள் எழுது.

நாங்கள் அங்கிருந்தபோது கடலைக் காட்டச் சொல்லி வீடியோவில் கூப்பிட்டாயே, அப்போது நீ முடியை ஒதுக்கினாய். விரலிடுக்கெல்லாம் வெடித்து, தோல் வெளுத்திருந்தது, சலவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது என் கை இருந்ததுபோலவே. அலுவலகத்தில் லீவு தரவில்லை, அதனால்தான் வரவில்லை என்று சொல்லியிருந்தாய். நான் பேச்சை மாற்றிக் கடலைக் காட்டினேன். மேனேஜருக்கு எந்த வார்த்தை உறைக்கும், எந்த வார்த்தை எழுதினால் ஒருத்தி தப்பிப்பாள் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இனி எங்களை எங்கேயும் அனுப்பாதே. அந்தக் காசில் நீ வா. ஒரு வாரம் உன்னை ஒரு கரண்டியைக்கூடத் தொட விடமாட்டேன், நீயும் என்னோடு சண்டை போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கையுறை இல்லாமல் தண்ணீரில் கை வைக்காதே. படுக்கும் முன் தேங்காயெண்ணெய் தடவு.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். அந்தக் கைகளையும் சேர்த்து.

உன் அம்மா,
வெரோனா பார்ட்லி