மதகுக்காகத் தட்டிய கை

சபை மெம்பராகிவிட்ட மகனுக்கு,

வாகூரிலிருந்து நான் சொல்லச் சொல்ல, பங்காளி செல்லப்பன் எழுதுகிறான்.

உடைந்த மதகு வழியே ஏரித் தண்ணீர் வீணாக ஓடுகிறது, கதிர் வாங்கும் பயிர் காய்கிறது, இதைச் சபையில் கேட்கிறேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினாய். அதைப் பார்க்கவே வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தோம். நீ எழுந்து பிரெஞ்சில் முழங்கினாய். எங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மதகுக்காகத்தான் என்று கைதட்டினோம். வெள்ளைக்கார அதிகாரி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அதற்கும் தட்டினோம்.

வெளியே வந்ததும் வாசல் சேவகன் கேட்டான்: "இன்னா பெருசு, கடற்கரையில பேண்டு வாசிக்க மேடை கட்டறதுல ஒங்க ஊருக்கு அம்மாம் சந்தோசமா?"

திரும்பும்போது வண்டி ஓட்டிய தங்கவேல் சொன்னான். "வுடு மாமா, பேண்டு சத்தத்துக்குப் பயிரு தானா நிமிந்துக்கும்."

கேள்வியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டி, அவர் தலையாட்டியதை மட்டும் கேட்பீர்களாம், சேவகன் சொன்னான். அதற்குக் கோட்டு எதற்கடா? ஒரு கிளி போதுமே.

நாளை நாங்களே மண்மூட்டை போட்டு மதகை அடைக்கப்போகிறோம். சர்க்கார் ஏரியில் கைவைத்தால் பிடித்துக்கொண்டு போவார்களாம். போகட்டும். பிள்ளை உண்டா என்று அங்கே கேட்பார்கள். இல்லை என்று தமிழிலேயே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்
(கைநாட்டு)